குளிருக்குப் போகும் குதிரைக்கு என்ன கொடுத்தனுப்புவது?

ரெம்பியா வட்டாரத்தில் குதிரை என்றதும் நமக்கு நினைவு வருவது உயிருள்ள குதிரை அல்ல. தோட்டத்துக் கோயிலில் மதுரை வீரன் ஏறி அமர்ந்திருக்கும் சுதைக் குதிரைதான். முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு, வெள்ளைச் சாயம் பூசி, கழுத்தில் மாலையோடு நிற்கும். வெயிலும் மழையும் அதற்கு ஒன்றுதான். திருவிழாவுக்கு முன்பு ஒரு பூச்சு அடித்தால் போதும், இன்னும் ஓராண்டுக்குக் கவலை இல்லை.

உயிருள்ள குதிரையின் கதை வேறு. ஊர் மாறினால் அதற்கு எல்லாமே மாறுகிறது: குடிக்கும் தண்ணீர், தின்னும் புல், மூச்சில் ஏறும் காற்று, பகலின் நீளம். இந்த உண்மை சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயத் திடல் மூடப்பட்டபோது நம் ஆட்கள் சிலருடைய வீட்டுக் கவலையாகவே ஆகிவிட்டது.

சிங்கப்பூரில் குதிரைப் பந்தயத்துக்கு வயது 180க்கும் மேல். 1842இல் அதற்கான சங்கம் தொடங்கி, மறு ஆண்டு முதல் பந்தயம் நடந்தது. தேக்காவுக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கும் ரேஸ் கோர்ஸ் ரோடு அந்தப் பழைய திடலின் பெயரைத்தான் சுமந்துகொண்டிருக்கிறது. பிறகு 1933இல் புக்கிட் தீமாவுக்கும், 1999இல் கிராஞ்சிக்கும் திடல் இடம் மாறியது. வீடமைப்பு உள்ளிட்ட தேவைகளுக்கு நிலம் வேண்டும் என்று 2023 ஜூனில் அரசு அறிவித்தது. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது.

பந்தயம் நின்றுவிட்டது. குதிரைகள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்ட மனிதர்களும் இருந்தார்கள்.

சைஸ் மாமா

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, இளவயதிலேயே சிங்கப்பூர் போய், இருபது ஆண்டுகளுக்கு மேல் லாயத்தில் வேலை பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். நான் மாமா என்று அழைப்பவர். லாயத்தில் குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, நடத்தி, கால்களைத் தடவிப் பார்த்து, இரவில் கடைசியாக ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவருக்குச் சைஸ் என்று பெயர். அரபியிலிருந்து இந்தி வழியாக வந்த சொல் இது. துரைமார்கள் குதிரையில் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்த காலத்தில் மலாயாவில் இந்தச் சொல் எல்லாருக்கும் தெரியும். கார் வந்த பிறகு, கார் ஓட்டுநரையும் சைஸ் என்றே அழைத்தார்கள்.

மாமா கடைசியாகப் பார்த்துக்கொண்ட குதிரைக்கு ஆங்கிலத்தில் நீளமான பந்தயப் பெயர் ஒன்று உண்டு. மாமாவுக்கு அவன் 'தம்பி'. ஒன்பது வயது. ஓய்வு கொடுத்து, நியூசிலாந்தின் வைக்காத்தோ பகுதியில் ஒரு குடும்பத்தின் பண்ணைக்கு அனுப்ப அதன் உரிமையாளர் முடிவு செய்தார். புறப்படும் மாதம் மார்ச்.

வானொலியில் வேலை பார்ப்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. மாமா எனக்குத்தான் அழைத்தார். "ஏம்மா, அங்க ஜூன் மாசம் குளிராம்ல? இவன் உடம்புல முடியே கெடையாது. காத்தாடிக்குக் கீழயே நின்னு வளந்தவன். தாங்குவானா?"

அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு, மாமாவும் நானும் அந்தப் பண்ணைக் குடும்பத்தோடும் அவர்களுடைய கால்நடை மருத்துவரோடும் வாரக்கணக்கில் பேசினோம். தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். குதிரை வளர்க்காதவர்களுக்கும் இது சுவைக்கும் என்று நினைக்கிறேன். நம் பிள்ளைகள் மெல்பர்னுக்கும் மான்செஸ்டருக்கும் படிக்கப் போகும்போது பெட்டியில் என்ன வைப்பது என்று நாம் படும் பாட்டுக்கும் இதற்கும் கொஞ்சம் உறவு உண்டு.

பாண்டியன் வாங்கிய பரிகள்

ஊர் மாறிய குதிரையின் துயரம் தமிழருக்குப் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியாகக் குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொன்னைக் கோயிலுக்குச் செலவழித்த மாணிக்கவாசகரின் கதையும், நரி பரியான திருவிளையாடலும் நமக்குத் தெரியும். தமிழ்நாட்டு வெக்கையில் நல்ல போர்க்குதிரை பெருகவில்லை. அதனால்தான் அரபு நாட்டிலிருந்தும் பாரசீக வளைகுடாத் துறைமுகங்களிலிருந்தும் கப்பல் கப்பலாக வாங்கினார்கள்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இங்குள்ள அரசர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்பது அவருடைய கணக்கு. எண்ணிக்கையில் பயணியின் மிகை கலந்திருக்கலாம். அவர் சொல்லும் காரணம்தான் கவனிக்க வேண்டியது. குதிரையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இல்லை, வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் தீனியாகக் கொடுக்கிறார்கள் என்கிறார்.

புல் தின்னும் விலங்குக்குச் சோறும் கறியும்! அன்பால் கொடுத்ததுதான். ஆனால் அந்த அன்புக்குக் குதிரையின் வயிற்றைப் பற்றித் தெரியவில்லை. புது ஊர் ஒரு குதிரையைக் கொல்வது குறைவு. புது ஊரில் அதற்கு என்ன வேண்டும் என்று தெரியாதவர்களால்தான் சாவு அதிகம். வெக்கைக்கு வந்த குதிரைக்கும் குளிருக்குப் போகும் குதிரைக்கும் இது பொது.

வெக்கையில் வளர்ந்த உடம்பு

குதிரையின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ் வரை. நம்மைப் போலவே அதுவும் உடல் முழுக்க வியர்த்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. பந்தயம் முடிந்த குதிரையின் கழுத்தில் சோப்பு நுரை போல வெள்ளையாக வழிவது அந்த வியர்வைதான்.

நம்மைப் போன்ற ஈரப்பதம் மிகுந்த நாடுகளில் சில குதிரைகளுக்கு ஒரு கட்டத்தில் வியர்வையே நின்றுபோகும். தோல் காய்ந்துபோய், மூச்சு வாங்க, உடல் கொதிக்கும். குளிர்நாட்டில் பிறந்து இந்தியாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவரப்பட்ட குதிரைகளிடம் ஆங்கிலேயர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே கண்ட கோளாறு இது. அதற்கு உறுதியான மருந்து இன்றும் இல்லை. குளிர்ந்த இடத்துக்கு மாற்றுவதுதான் நல்ல வழி. அப்படிப்பட்ட குதிரைக்குக் குளிர்நாடு தண்டனை ஆகாது, விடுதலையாகும்.

சிங்கப்பூரில் ஓடிய குதிரைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்தவையே. தம்பியும் நியூசிலாந்துக்காரன்தான். மூன்று வயதில் வந்தவன், ஆறு ஆண்டு கழித்துப் பிறந்த மண்ணுக்குத் திரும்புகிறான். "அப்ப பழக்கம் இருக்கும்ல?" என்று மாமா கேட்டார். மருத்துவர் சொன்ன பதில்: குளிரைத் தாங்கும் திறன் அவன் இனத்தில் இருக்கிறது, ஆனால் அவன் உடம்பு அதை விழித்தெழச் செய்ய நாளாகும்.

எவ்வளவு நாள்? வளர்ந்த குதிரையின் உடல், குளிருக்குத் தக்கபடி உள்ளுக்குள் தன்னை மாற்றிக்கொள்ளச் சுமார் மூன்று வாரம் எடுக்கும். முடி வளர்வதற்கு அதைவிடப் பல வாரங்கள் ஆகும்.

முடியை வளர்ப்பது சூரியன்

நான் இதுவரை நினைத்திராத செய்தி ஒன்று இங்கேதான் கிடைத்தது. குளிர் அடிப்பதால் குதிரைக்கு முடி அடர்வதில்லை. பகல் குறைவதால் அடர்கிறது.

கண் வழியாக உள்ளே போகும் வெளிச்சம் எவ்வளவு நேரம் என்பதை மூளை கணக்கெடுக்கிறது. கோடையின் மிக நீண்ட பகல் முடிந்து, பகல் சுருங்கத் தொடங்கியதுமே, வெயில் இன்னும் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே, குளிர்கால முடிக்கான வேலை தோலுக்கடியில் ஆரம்பமாகிவிடும். குளிர் வரும்போது கோட்டு தயாராக இருக்கும். குளிரின் அளவு முடியின் அடர்த்தியைக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் மணியடித்துத் தொடங்கிவைப்பது வெளிச்சம்தான்.

நம் ஊரில் பகல் எப்போதும் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சிங்கப்பூரில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் பத்து நிமிடம் அளவுக்குத்தான் வேறுபாடு. அந்த மணி அங்கே அடிப்பதே இல்லை. வைக்காத்தோவில் டிசம்பரில் பகல் பதினான்கரை மணி நேரத்தைத் தாண்டும். ஜூனில் பத்து மணி நேரத்துக்கும் குறைந்துவிடும்.

தம்பி போய் இறங்குவது மார்ச் மாதம். அங்குள்ள குதிரைகள் டிசம்பர் கடைசியிலிருந்தே கோட்டு தைக்கத் தொடங்கியிருக்கும். இவன் இரண்டு மாதத்துக்கும் மேல் தாமதம். முதல் குளிர்காலத்தில் இவன் முடி மற்றவற்றைவிட மெலிதாகத்தான் இருக்கும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. செப்டம்பரில், அங்கே வசந்தம் தொடங்கும்போது போயிருந்தால், ஒரு முழுக் கோடையைப் பார்த்துவிட்டுக் குளிருக்குள் நுழைந்திருப்பான். விமானமும் தனிமைப்படுத்தும் விதிகளும் உரிமையாளரின் வசதியும் கூடிவரும் நாளில்தான் பயணம் அமையும். எனவே தாமதத்தை வேறு வழிகளில் ஈடுகட்ட வேண்டியிருந்தது.

வயிற்றுக்குள் ஓர் அடுப்பு

முதல் வழி தீனி. குதிரைக்குப் பசு போல நான்கு அறை இரைப்பை கிடையாது. ஆனால் குடலின் பின்பகுதியில் பெரிய தொட்டி போன்ற பை இருக்கிறது. காய்ந்த புல்லின் நார் அங்கே போய் நுண்ணுயிர்களால் நொதிக்கிறது. இட்லி மாவு பொங்கும்போது பாத்திரத்தைத் தொட்டால் லேசாகச் சுடுவது போல, அந்த நொதிப்பில் சூடு பிறக்கிறது. இந்தச் சூடு மணிக்கணக்கில் நீடிக்கும். ஓட்ஸ் போன்ற தானியத்தில் ஆற்றல் அதிகம், ஆனால் இந்த உள்ளடுப்பு அவ்வளவு எரியாது.

எனவே குளிர் இரவில் குதிரைக்கு வேண்டியது ஒரு படி கூடுதல் தானியம் அல்ல, ஒரு கட்டு கூடுதல் புல். வழக்கமாக ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு அதன் எடையில் ஒன்றரை முதல் இரண்டு விழுக்காடு வரை புல் வேண்டும். 500 கிலோ குதிரை என்றால் ஏழரை முதல் பத்துக் கிலோ.

குளிருக்கு எவ்வளவு கூட்டுவது என்பதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மெல்லிய கோடை முடியோடு இருக்கும் குதிரை சுமார் 5 பாகை செல்சியஸ் வரை சிரமமின்றி இருக்கும். நல்ல குளிர்கால முடி வளர்ந்த குதிரை, காற்றும் மழையும் இல்லாவிட்டால், மைனஸ் 8 பாகை அளவுக்கும் அசராமல் நிற்கும். அந்த எல்லைக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு பாகைக்கும் தீனியில் சுமார் இரண்டு, இரண்டரை விழுக்காடு கூட்ட வேண்டும். தம்பியைப் போல் மெல்லிய முடியுள்ளவனுக்குப் பூச்சியம் பாகை இரவில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாகத் தேவை. பத்துக் கிலோ தின்பவனுக்கு இன்னும் ஒரு கிலோ சொச்சம்.

பந்தயக் குதிரைக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. அது தானியத்தில் வளர்ந்த உடம்பு. தீனியை ஒரே நாளில் மாற்றினால் குடலின் நுண்ணுயிர்கள் தடுமாறிப் போகும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் சிக்கினால் வெளியே தள்ள வழியில்லை. குதிரைகளின் உயிரைப் பறிப்பவற்றில் இந்த வயிற்றுவலிக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் தானியத்தைக் குறைப்பதும் புல்லைக் கூட்டுவதும் குறைந்தது ஏழு முதல் பத்து நாள்களுக்குள் படிப்படியாக நடக்க வேண்டும். மாமா புறப்பாட்டுக்கு முன்பே, லாயத்திலேயே இதைத் தொடங்கிவிட்டார்.

தண்ணீர்தான் முதல் ஆபத்து

குளிர்நாட்டில் குதிரைக்குக் குளிர்தான் எதிரி என்று நாம் நினைக்கிறோம். அனுபவசாலிகள் முதலில் பார்ப்பது தண்ணீர்த் தொட்டியைத்தான்.

வெக்கையில் வாளி வாளியாகக் குடித்த குதிரை, குளிரில் தாகமின்றி நிற்கும். தண்ணீர் சில்லென்று பனிக்கட்டிக்குப் பக்கத்தில் இருந்தால் இன்னும் குறைவாகக் குடிக்கும். அதே நேரம் அது தின்பது பச்சைப் புல்லாக இல்லாமல் ஈரமற்ற காய்ந்த புல்லாக இருக்கும். வறண்ட புல்லும் குறைந்த தண்ணீரும் சேர்ந்தால் குடலில் அடைப்பு. குளிர்காலத்து வயிற்றுவலிக்கு இதுவே முக்கியக் காரணம்.

இதற்கான மருத்துவம் எளிது. தண்ணீரின் குளிர்ச்சியை உடைத்துக் கொடுக்க வேண்டும். 7 முதல் 18 பாகை வரை வெதுவெதுப்பாக இருந்தால் குதிரை நன்றாகக் குடிக்கும். தினமும் உப்பு வேண்டும். தீனியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம்.

மாமாவிடம் இதற்கு ஒரு கைவைத்தியம் இருந்தது. தம்பி புதுத் தண்ணீரைக் கண்டால் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்பவன். ஈப்போ பந்தயத்துக்குப் போனபோதெல்லாம் அப்படித்தான். ஊரிலிருந்து கொண்டுபோன குலா மலாக்காவைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து வாளியில் ஊற்றுவார். வாசனை பிடித்ததும் மடமடவென்று குடித்துவிடுவான். "ஒரு பத்து உருண்டை கட்டிக் குடுத்துடறேன்மா" என்றார். குதிரையோடு தீனி எதையும் அனுப்பக் கூடாது என்று பயண ஏற்பாட்டாளர்கள் சொல்லிவிட்டார்கள். நோயும் பூச்சியும் உள்ளே வராமல் இருக்க நியூசிலாந்து வைத்திருக்கும் கட்டுப்பாடு அவ்வளவு கடுமையானது. அங்கே கிடைக்கும் கரும்புப் பாகைக் கலந்து பார்ப்பதாகப் பண்ணைக்காரர் சொன்னார். மாமாவுக்கு அரை மனசுதான்.

போர்வை போட்டால் போதுமா?

நம்மைக் கேட்டால் முதலில் போர்வை என்போம். ஆனால் போர்வையிலும் யோசிக்க வேண்டியது இருக்கிறது.

குளிரும்போது குதிரையின் முடி ஒவ்வொன்றும் சிலிர்த்து நிற்கும். முடிகளுக்கு இடையில் காற்று அடைபட்டு, உடல் சூட்டை வெளியே விடாமல் காக்கும். கனமில்லாத ஒரு துணியைப் போட்டால் அது முடியை அழுத்தி, அந்தக் காற்றையும் வெளியேற்றிவிடும். நல்ல முடி வளர்ந்த குதிரைக்கு மெல்லிய போர்வை சில வேளை கேடாகவே முடியும். ஆனால் தம்பி போல் முடி வளராமல் வந்தவனுக்குப் போர்வை கட்டாயம். அதுவும் மழை புகாததாக இருக்க வேண்டும். ஏனென்றால் உறைபனியைவிட மழைதான் மோசம். நனைந்து படிந்த முடியில் காற்று தங்காது. வைக்காத்தோவின் குளிர்காலம் வெண்பனி கொட்டும் குளிர்காலம் அல்ல. மழை, சேறு, சில இரவுகளில் உறைபனி. குதிரைக்கு இதுதான் கடினமான கூட்டணி.

முடியை மழிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். முதல் உலகப் போரின்போது பிரான்சில் சொறிநோயைத் தடுக்கப் பிரிட்டிஷ் படைக் குதிரைகளின் முடியை மழித்துவிட்டார்கள். தீனியும் குறைந்திருந்தது. 1917 ஏப்ரலில் அர்ரா போர் நடந்தபோது, வசந்தகாலம் என்று பெயரே தவிர, பனியும் சேறுமாக இருந்தது. குண்டுபட்டு இறந்தவை போக, குளிராலும் களைப்பாலும் ஏராளமான குதிரைகள் மடிந்தன.

போர்வை போட்ட குதிரைக்கு இன்னோர் ஆபத்து, யாரும் அதன் உடம்பைப் பார்ப்பதில்லை. உள்ளே இளைத்துக்கொண்டே வரும். போர்வையும் முடியும் விலாவை மறைத்துவிடும். அதனால் தினமும் போர்வையைக் கழற்றி, விலா எலும்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். லேசாக அழுத்தினால் எலும்பு தட்டுப்பட்டால் சரி. அழுத்தாமலே தட்டினால் ஆபத்து. "கண்ண நம்பாத, கைய நம்பு" என்று மாமா சொல்வார். அந்த மருத்துவர் சொன்னதும் அதுவேதான்.

தங்குமிடம் பற்றியும் ஒரு வார்த்தை. நாலாபக்கமும் அடைத்த சூடான கொட்டகை வேண்டும் என்று நினைத்தோம். மூன்று பக்கம் சுவரும் மேலே கூரையும் போதும் என்றார்கள். காற்றோட்டம் இல்லாமல் அடைத்து வைத்தால் தூசியும் சிறுநீர் நெடியும் சேர்ந்து நுரையீரலைக் கெடுக்கும். குதிரைக்குக் குளிரை விடக் கெட்ட காற்று பெரிய பகை.

பனிக்கண்டத்தில் ஒரு ராணி

வெப்ப நாட்டிலிருந்து புறப்பட்டு உலகின் மிகக் கொடிய குளிருக்குப் போனவர்களின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1912 ஜனவரியில் தென்துருவத்தை அடைந்து, திரும்பும் வழியில் மாண்ட கேப்டன் ஸ்காட்டின் குழுவைப் பலருக்கும் தெரியும். அந்தக் குழுவைத் தேடிப் போனவர்களோடு இந்தியாவின் ஏழு கோவேறு கழுதைகள் நடந்தன என்பது பலருக்குத் தெரியாது.

ஸ்காட்டின் குழுவில் இருந்த ஓட்ஸ் என்ற படை அதிகாரி இந்தியாவில் பணியாற்றியவர். மஞ்சூரியாவில் வாங்கிய மட்டக் குதிரைகள் பனியில் படும் துன்பத்தைப் பார்த்து, இமயமலைப் பாதைகளில் உழைத்துப் பழகிய கோவேறு கழுதைகள் மேல் என்று யோசனை சொன்னார். இந்திய அரசு ஏழு விலங்குகளைக் கொடுத்தது. லால் கான், குலாப், பேகம், ராணி, அப்துல்லா, பியாரி, கான் சாகிப் என்பவை அவற்றின் பெயர்கள். பனி வெளிச்சத்தில் கண் கூசாமலிருக்கக் கண்மூடிகள், பனியில் குளம்பு புதையாமலிருக்கக் கால் தட்டுகள், போர்வைகள் எல்லாம் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

சமவெளியின் வெக்கையிலிருந்து நேராகக் கப்பலேற்றாமல், மலைநாட்டில் பழகியவற்றைத் தேர்ந்தெடுத்தது முதல் புத்திசாலித்தனம். 1912 பிப்ரவரியில் அண்டார்க்டிகாவில் இறங்கி, ஒரு முழுக் குளிர்காலத்தை லாயத்தில் கழித்து, அக்டோபர் இறுதியில்தான் தேடலுக்குப் புறப்பட்டன. உடம்புக்கு அவகாசம் கொடுத்தது இரண்டாவது புத்திசாலித்தனம். நவம்பர் 12ஆம் தேதி ஸ்காட்டின் கூடாரம் கண்டுபிடிக்கப்பட்டது.

அவற்றைத் திணறவைத்தது தீனிதான். கணக்குப் போட்டுக் கொண்டுபோன உணவைத் தொடாமல், கயிறு, தேயிலைச் சக்கை என்று கண்டதையும் தின்றன. எத்தனை கருவி கொடுத்தனுப்பினாலும், பழகிய வாய்க்குப் புதுத் தீனி இறங்க நாளாகும் என்பதற்கு இதைவிடத் தொலைவான சாட்சி இருக்க முடியாது.

மாமா எழுதிய தாள்

போர்வை, தீனி, குலா மலாக்கா எதையும் அனுப்ப முடியாமல் போகவே, மாமா ஒன்றை மட்டும் அனுப்பினார். ஒரு தாள். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம் வந்தது.

தண்ணீரைத் திருப்பிவிட்டால் வற்புறுத்தாதீர்கள், வாளியை மாற்றிப் பாருங்கள். வலது பின்னங்காலில் பழைய அடி இருக்கிறது, காலையில் விறைப்பாக நடப்பான், பத்து நிமிடம் மெதுவாக நடத்தினால் சரியாகிவிடும். தனியாக விட்டால் தின்ன மாட்டான், பக்கத்தில் இன்னொரு குதிரை வேண்டும். இடப்பக்கமிருந்து போர்வை போடுங்கள். பல்லைச் சோதித்து எட்டு மாதம் ஆகிறது. நடுங்கினால் வேடிக்கை பார்க்காதீர்கள், அவன் சும்மா நடுங்குகிறவன் இல்லை.

பண்ணைக்காரர் அந்தத் தாளை லாயச் சுவரில் ஒட்டி வைத்திருப்பதாகப் படம் எடுத்து அனுப்பினார்.

முதல் குளிர்காலம் சுலபமாகப் போய்விடவில்லை. மே மாதக் கடைசியில் தம்பி இளைத்தான். மூன்று நாள் விடாமல் மழை பெய்த ஒரு வாரத்தில் தண்ணீரைக் குறைத்துவிட்டான். சாணம் உருண்டை உருண்டையாகக் காய்ந்து விழுந்தது. அந்த வாரம் முழுவதும் மாமா தூங்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் கரும்புப் பாகு, ஊறவைத்த தீனி, இரவில் கூடுதலாக இரண்டு கட்டுப் புல், பக்கத்துக் கொட்டடியில் துணைக்கு ஒரு கிழட்டு மட்டக் குதிரை என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தார்கள். நான்காம் நாள் வாளி காலியானது. மாமா என்னை அழைத்துச் சொன்ன செய்தி அது ஒன்றுதான்: "வாளி காலிம்மா."

இப்போது மாமா ரெம்பியாவில்தான் இருக்கிறார். மகன் வீட்டில் பேரப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்குகிறார். ஆகஸ்டில் வந்த படத்தில் தம்பியை அவருக்கு அடையாளமே தெரியவில்லை. பளபளவென்று மின்னிய பந்தய உடம்பு போய், முடி அடர்ந்து, வயிறு கொஞ்சம் இறங்கி, முழங்கால் வரை சேறு. "என்னம்மா இவன், கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கெடா மாதிரி நிக்கறான்" என்று சிரித்தார். பிறகு திரையில் விரலை வைத்து விலாப் பக்கத்தைப் பெரிதாக்கி, வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மருத்துவரின் கணக்குப்படி இரண்டாவது குளிர்காலம் சுலபமாக இருக்கும். முழுக் கோடையும் முடிந்து, டிசம்பர் கடைசியில் பகல் சுருங்கத் தொடங்கும்போது தம்பியின் உடம்பும் மற்றவற்றோடு சேர்ந்து கோட்டு தைக்கத் தொடங்கும். மாமா தம் கைப்பேசியில் நம் ஊர் வானிலையோடு அந்த ஊர் வானிலையையும் சேர்த்து வைத்திருக்கிறார். அங்கே மழை என்று காட்டினால் ஒரு குறுஞ்செய்தி போகும். பண்ணைக்காரரும் சலிக்காமல் பதில் போடுகிறார்.